மடித்து வையுங்கள், அழித்துவிடாதீர்கள்



நம் பழைய மாணவர் பட்டியலை எக்செல்லில் போட்டிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் "ரொம்ப நீளமா இருக்கு சார்" என்று ஒருவர் பெயர்களை நீக்கிவிட்டு, ஆண்டுவாரியாக எண்ணிக்கையை மட்டும் விட்டிருக்கிறார். காலமாகிவிட்ட நம் பிள்ளைகளின் பெயர்களும் அதோடு போய்விட்டன. இதில் எனக்கு உடன்பாடில்லை.

சுருக்க வேறு வழி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டையும் தலைப்பு வரியாக வைத்து, அதன் கீழுள்ள பெயர் வரிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். கணினியில் ஷிப்ட், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு வலது அம்புக்குறியைத் தட்டுங்கள். ஓரத்தில் கழித்தல் குறி வரும். அதைச் சொடுக்கினால் பெயர்கள் மடங்கும்; கூட்டல் குறியைச் சொடுக்கினால் விரியும். ஆண்டுக்குள் வகுப்பு, வகுப்புக்குள் பெயர் என்று அடுக்கவும் செய்யலாம். ஒரு பெயரும் தொலையாது.

நம் உத்திரமேரூர் கல்வெட்டை நினைத்துப் பாருங்கள். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் பொறித்தது. ஊருக்கு 30 குடும்புகள். தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். இத்தனை கணக்கு இருந்தும், குடத்தில் போட்ட ஓலையில் எழுதியது எண்ணிக்கையை அல்ல, ஒரு மனிதரின் பெயரை.

பழைய கோப்பு யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் நினைவிலிருந்து நானே எழுதத் தொடங்குகிறேன். விட்டுப்போனவர்களை நீங்கள் சேர்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், சாலவாக்கம்