நீண்ட கை யோகியார்

இம்மாதக் கட்டுரை பழனிமலையில் தொடங்கி ஜப்பானியக் கார்ட்டூன் படத்திற்குச் செல்கிறது. வழி சற்று வளைவாயினும் பொறுத்தருள வேண்டும்.

என் தமக்கையின் மகனுக்கு வயது பத்து. சான்பாடாவில் எங்கள் வீட்டிற்கு இரண்டு கட்டடம் தள்ளி அவர்கள் குடியிருக்கிறார்கள். சென்ற மழைக்காலத்தில் பையன் டெங்குக் காய்ச்சல் கண்டு மிகவும் வாடிப்போனான். அப்போது என் அன்னையார் பழனியாண்டவருக்கு முடி காணிக்கை நேர்ந்துகொண்டார். இவ்வாண்டு மே விடுமுறையில், தாய்மாமன் என்ற முறையில் நானே உடன் சென்று அக்கடனைத் தீர்த்து வந்தேன். (ரயில்வே ஊழியனுக்குப் பாஸ் உண்டு, ஆனால் தமக்கை மகனை அந்தப் பாஸ் உறவினனாக ஒப்புக்கொள்வதில்லை. காசு கொடுத்துத்தான் சீட்டு வாங்கினோம்.) ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, மழித்த தலையும் நெற்றியில் மூன்று பட்டை நீறுமாகப் பிள்ளை வகுப்பிற்குச் சென்றான்.

அன்று மாலை வீடு திரும்பியவன் பையை எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்து அமர்ந்துகொண்டான். வகுப்புப் பிள்ளைகள் அவனைத் 'தல்சிம்' என்று அழைத்தார்களாம். "தல்சிம், கையை நீட்டு! வாயால் நெருப்பு ஊது!" என்று நாள் முழுவதும் கேலி செய்தார்களாம். என் தமக்கை அதனை ஏதோ வசைச்சொல் என்று எண்ணி, ஆசிரியையிடம் முறையிடக் கிளம்பிவிட்டாள். எனக்கோ அந்தப் பெயர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த பெயர்.

நான் செம்பூரில் சிறுவனாக இருந்த காலத்தில், வீடியோ கேம் பார்லர் என்று இருட்டறைகள் சில இருந்தன. நாணயம் போட்டால் பெட்டி விழித்துக்கொள்ளும். ஜப்பானிலுள்ள கேப்காம் என்னும் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' என்ற சண்டை விளையாட்டு அங்கே இருந்தது. எட்டு வீரருள் ஒருவரை நாம் தேர்ந்துகொள்ளலாம். ஜப்பானியர், அமெரிக்கர், சீனப் பெண்மணி, ருஷ்ய மல்லர் ஆகியோருக்கிடையே இந்தியாவிற்கென்று ஒருவரே இருந்தார். அவரே தல்சிம். மொட்டைத் தலை, அதன்மேல் வண்ணக் கோடுகள், கழுத்தில் மண்டையோட்டு மாலை. நின்ற இடத்திலேயே நின்று கையையும் காலையும் திரையின் மறுகோடி வரை நீட்டி அடிப்பார். வாயால் நெருப்பு உமிழ்வார். அவருடைய களத்தில் யானைகள் நின்று பிளிறும். இந்தியா என்றால் யானை!

மண்டையோட்டு மாலையைக் கண்டு சிலர் சினம் கொள்வதுண்டு. விளையாட்டின் கதைக்குறிப்பின்படி அவை கொள்ளைநோயில் இறந்துபோன அவருடைய ஊர்க் குழந்தைகளுடையவை. அவர்களை மறவாதிருக்கவே அணிந்திருக்கிறார். வறுமையுற்ற தம் ஊருக்குப் பொருள் சேர்க்கவே சண்டைக்கும் வருகிறார். மேலும், மண்டையோடு ஏந்திய காபாலிகன் ஒருவனைக் காஞ்சித் தெருவில் நடமாடவிட்டு நகையாடியவர் நம் மகேந்திரவர்ம பல்லவரே. மத்தவிலாசம் எழுந்தது ஏழாம் நூற்றாண்டில். ஆதலின் ஜப்பானியர்மீது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை.

பார்லரில் தல்சிமை எடுத்து ஆடுவோர் சிலரே. அவர் நடை மெதுவானது. பகைவன் நெருங்கிவிட்டால் தப்புவது கடினம். எட்ட நின்று, காலம் பார்த்து, பொறுமையாக அடிக்கத் தெரிந்தவனுக்கே அவர் பயன்படுவார். தல்சிமை வைத்துக்கொண்டு ஒருவன் வென்றானென்றால் சுற்றி நிற்பவர்கள் வாய் மூடி நிற்பார்கள். அவனை யாரும் கேலி செய்ததில்லை.

இதனைத் தமக்கை மகனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. "அப்படியானால் அவர் நல்லவரா மாமா?" என்று கேட்டான். படம் பார்த்தே முடிவு செய்யலாம் என்றேன். அந்த விளையாட்டைக் கதையாக்கிக் கார்ட்டூன் படங்கள் எடுத்திருக்கிறார்களே!

முதலில் 1994இல் கிசபுரோ சுகீ இயக்கிய முழுநீளப் படம். பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை: சிறுவர் காணத்தகாத குளியலறைக் காட்சி ஒன்றும், கடுமையான இரத்தச் சண்டையும் இதில் உண்டு. நான் முன்னிரவே தனியாகப் பார்த்து, அவ்விடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு ஞாயிறன்று தாண்டிச் சென்றேன். படத்தின் தொடக்கம் மிகச் சிறப்பு. இடியும் மின்னலுமான இரவில், காற்றில் புல் அலைபாயும் வெளியில், ரியூ என்னும் ஜப்பானிய இளைஞனும் சாகட் என்னும் தாய்லாந்து வீரனும் மோதுகிறார்கள். விளையாட்டில் சாகட்டின் மார்பில் ஒரு நீண்ட தழும்பு உண்டு. அது எப்படி வந்தது என்பதை இக்காட்சி காட்டிவிடுகிறது. ஓர் அடி விழுந்தால் உடல் எவ்வாறு தளர்ந்து சாயும், கால் எங்கே ஊன்றும் என்பதைக் கண்டு வரைந்திருக்கிறார்கள்.

ஆனால் 16 வீரர்களையும் ஒரே படத்தில் காட்டிவிட வேண்டும் என்று முனைந்ததால், பெரும்பாலோர்க்குக் கிடைப்பது சில நிமிடங்களே. எல்லா நிலையத்திலும் நிற்கும் பாசஞ்சர் வண்டிபோலப் படம் ஓடுகிறது. இந்தியா என்னும் நிலையமும் வருகிறது. கூட்டம் சூழ்ந்து நிற்கத் தல்சிம் ஹோண்டா என்னும் சுமோ மல்லரோடு மோதுகிறார். நாங்கள் நிமிர்ந்து உட்கார்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. "இவ்வளவுதானா மாமா?" என்றான் பையன். அவன் முகம் முன்னிலும் வாடியது. விளையாட்டில் கை நம்முடையது. தல்சிம் மெலியவரா வலியவரா என்பதை நாமே முடிவு செய்கிறோம். படத்திலோ எழுதியவர் நமக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கினாரோ அத்தனைதான். அயலூரில் வாழும் நமக்கு இந்தக் கணக்கு புதிதன்று.

அதே ஆண்டு ஹாலிவுட்டில் நடிகர்களைக் கொண்டு ஒரு படம் எடுத்தார்கள். அதில் தல்சிமாக வந்தவர் 'காந்தி' படத்தில் நேருவாக நடித்த ரோஷன் சேத்! யோகியாரை விஞ்ஞானியாக்கி, வில்லனின் சோதனைக்கூடத்தில் அடைத்துவிட்டார்கள். அதைப் பையனுக்குக் காட்டவில்லை.

அடுத்த ஞாயிறு, 1995இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வி' என்னும் 29 பகுதித் தொடரை எடுத்தேன். ரியூவும் அவன் நண்பன் கென்னும் உலகைச் சுற்றி வருகிறார்கள். அவர்கள் இந்தியா வருவது சண்டைக்காக அன்று. உள்ளத்தின் ஆற்றலைக் கைவழியே செலுத்தும் வித்தையைக் கற்க வருகிறார்கள். கற்பிக்கும் ஆசான் தல்சிம். உலகெங்கும் அந்த விளையாட்டை ஆடிய பிள்ளைகள் ரியூவின் கையிலிருந்து நீல ஒளி பாய்வதைக் கண்டு மகிழ்ந்தார்கள் அல்லவா? இத்தொடரின்படி அது ஓர் இந்திய யோகியார் கற்பித்த பாடம். பையன் சோபாவிலிருந்து இறங்கித் தரையில் அமர்ந்து பார்த்தான்.

பின்னாலிருந்து என் அன்னையாரும் பார்த்துக்கொண்டிருந்தார். "இவர் சித்தரல்லவா? பழனியில் போகர் சமாதி பார்த்தோமே, அவர்கூடச் சீன தேசம் போய் வந்தவர் என்பார்கள். கையை நீட்டுவது என்ன பெரிது?" என்றார். நான் 'அவன்' என்று ஒருமுறை சொல்லிவிட்டதற்காக என்னைக் கடிந்தும் கொண்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவர் 'தல்சிம் சாமி'.

மற்றொரு செய்தியும் பையனுக்குப் பிடித்துப்போனது. நடிகர்களைக் கொண்டு எடுக்கும் புதிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் படத்தில் தல்சிமாக நடிப்பவர் வித்யுத் ஜாம்வால் என்று 2025இல் அறிவித்தார்கள். 2012இல் வந்த 'துப்பாக்கி' படத்தில், இதே மும்பையில் விஜய்யை எதிர்த்து நின்றவர். களரிப்பயிற்று கற்றவர். "துப்பாக்கி வில்லனா!" என்று பையன் மறுநாளே பள்ளியில் சொல்லிவிட்டான்.

இப்போது தலையில் முடி வளர்ந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கீழ்த்தளத்து மராத்திப் பையனின் வீட்டில் விளையாடும்போது அவனே தல்சிமை எடுத்து ஆடுகிறானாம். பெரும்பாலும் தோற்கிறான் என்று கேள்வி.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். காலையில் நான் நிலையத்திற்கு நடக்கும் வழியில் அவனுடைய பள்ளி வண்டி நிற்கிறது. வண்டி வருவதற்குச் சற்று முன், அவன் கைக்குட்டையை எடுத்து நெற்றி நீற்றைத் துடைத்துக்கொள்வதை மூன்று முறை பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. என் தமக்கை இவ்விதழைத் தவறாமல் படிப்பவள். அக்கா, அவனைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.