ஆருடைய காணியில வீடு கட்டுறீங்கள்?

தனி ஆளா ஆப் செய்து உழைக்கலாமோ எண்டு கேட்டால், என்ர பதில் ஓம். ஆனால் ஒருதரம் வித்துப்போட்டு இருக்கிற கணக்கு சரிவராது.

2.99 அமெரிக்க டொலருக்கு விக்கிறீங்கள் எண்டு வைப்பம். அப்பிளின்ர சின்ன வணிகத் திட்டத்தில சேர்ந்தால், வருசம் 1 மில்லியன் டொலர் மட்டும் 15 வீதம்தான் எடுப்பினம். உங்களுக்கு மிஞ்சுறது 2.54. மாதம் 2000 டொலர் வேணுமெண்டால், ஒவ்வொரு மாதமும் புதுசா 787 பேர் வாங்கவேணும். வரியும், வருசம் கட்டுற 99 டொலரும் வேற. மூண்டு வருசத்துக்கு முதல் வாங்கினவர் இனி ஒரு சதமும் தரமாட்டார், ஆனால் புது ஐஓஎஸ் வந்து ஆப் உடைஞ்சால் முதல் மெயில் அவரிட்ட இருந்துதான் வரும். அதே விலையை மாதச் சந்தாவா வைச்சால், அந்த 787 பேர் விட்டுப்போகாமல் நிண்டாலே போதும். (சந்தா எண்டால் முகம் சுழிக்கிறது நாங்களுந்தான், தெரியும்.)

சந்தாவும் காப்பாத்தாத இடம் ஒண்டு இருக்கு. கனடாக்காரர் கிறிஸ்டியன் செலிக் 2017இல் விட்ட அப்பலோ, ரெடிட் வாசிக்கிறதுக்கான ஆப். நல்ல வேலைப்பாடு, காசு கட்டிப் பாவிச்ச சனமும் கனக்க. 2023இல் ரெடிட் தன்ர ஏபிஐக்கு விலை வைச்சுது: 50 மில்லியன் அழைப்புக்கு 12,000 டொலர். செலிக் கணக்குப் பார்த்தார், வருசத்துக்கு 20 மில்லியன் டொலர் வந்துது. யூன் 30 அண்டு பூட்டிப்போட்டார். வருசச் சந்தா முன்கூட்டிக் கட்டின ஆக்களுக்குத் திருப்பிக் குடுக்கவே சுமார் 250,000 டொலர் வேணுமெண்டு அவரே எழுதினவர்.

ரெடிட் தன்ர தரவுக்கு விலை கேட்டது பிழையெண்டு நான் சொல்லேல்லை. காணி அவையின்ர. அதில மாடிவீடு கட்டினது இன்னொருத்தர், அவ்வளவுதான்.

அதால நான் தேடச்சொல்லுறது, தரவு பாவிக்கிறவரின்ர போனிலயே இருக்கிற, பார்க்கச் சப்பெண்டு இருக்கிற ஆப். டான்ஸ் ரீச்சர்மாரைப் பாருங்கோ. எந்தப் பிள்ளை எந்த மாதம் காசு கட்டினது, ஆர் வகுப்புக்கு வரேல்லை எண்டு இன்னும் கொப்பியில எழுதுற ஆக்கள் இருக்கினம். உங்களுக்குப் படிப்பிச்ச ரீச்சரிட்ட கேளுங்கோ, அந்தக் கொப்பிக்குப் பதிலா ஒரு ஆப்புக்கு மாதம் 5 டொலர் தருவாவோ எண்டு.