அந்தக் கட்டையில் உப்புத்தாள் வேண்டாம்

ராணுவத்தில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரராக வேலை பார்த்தவன் நான். அண்மையில் ஒரு காட்சிக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியைப் பார்த்தேன். வால்நட் கட்டையை உப்புத்தாளால் இழைத்து, வார்னிஷ் அடித்து, புதுக் கட்டில்காலைப் போலப் பளபளக்க வைத்திருந்தார்கள். மனசு ஆறவில்லை.

1907-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற மாதிரி அது. வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் செய்தார்கள். இரண்டு உலகப் போர்களில் சிப்பாய்கள் சுமந்த அதைத்தான் 1962-இல் சீனாவை எதிர்த்து நின்ற நம் வீரர்களும் ஏந்தினார்கள். உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020-இல்தான்.

அதன் முன்கட்டையின் அடியில், மூக்குப் பக்கம், துப்பாக்கியின் எண் குத்தியிருக்கும். தோளில் அண்டும் பின்கட்டையில் தொழிற்சாலை முத்திரை இருக்கும். இழைத்தால் முதலில் போவது இவைதான். மரம் இரும்பைவிடத் தாழ்ந்துபோகும். இழந்த மரம் திரும்பாது.

பழுதுபார்க்க வேறு வழி உண்டு. அமுங்கிய பள்ளத்தின்மேல் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால், ஆவி ஏறி நார் எழும்பிவரும். பழைய எண்ணெய் ஊறிக் கறுத்த இடத்தில் சாக்பொடியைக் குழைத்துப் பூசி மெல்லச் சூடேற்றினால், எண்ணெயைப் பொடி உறிஞ்சிக்கொள்ளும். வேட்டு அதிர்ச்சியைத் தாங்கும் உட்பகுதி நைந்திருந்தால், அந்த இடத்தை மட்டும் செதுக்கி, நார் ஓட்டம் பார்த்து, கெட்டி மரத்துண்டு பதிக்க வேண்டும். கடைசியில் ஆளி விதை எண்ணெயை உள்ளங்கையால் சூடு பிறக்கத் தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டைக்குள் இருக்கும் நீள போல்ட்டைத் திருகினால் முன்கட்டை பிளந்துவிடும். அவசரக்காரர்கள் கையில் இப்படிப் பிளந்த கட்டைகள் பல என்னிடம் வந்திருக்கின்றன. முன்கட்டை பிளந்துவிடும் என்று பயந்துதான் இஷாப்பூர்க்காரர்கள் அதில் குறுக்காக ஒரு திருகாணி போட்டார்கள். பார்க்க அழகில்லை என்று சிலர் அதையும் பிடுங்கி, மெழுகு வைத்து மறைக்கிறார்கள். அந்தத் திருகாணி பழுது அல்ல, அந்தத் துப்பாக்கியின் பிறப்புச் சான்று.

ஒரு சிப்பாய் கன்னம் வைத்துத் தேய்ந்த இடமும், உள்ளங்கை வியர்வை ஊறிக் கறுத்த பிடியும் அழுக்கல்ல. பெயர் தெரியாமல் போனவர்கள் விட்டுச்சென்ற தடம் அது. அருங்காட்சியகப் பொறுப்பாளர்களையும் படைப்பிரிவுக் கிடங்குக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: உடைந்ததை ஒட்டுங்கள், காய்ந்ததற்கு எண்ணெய் கொடுங்கள். தேய்ந்ததை அப்படியே விட்டுவிடுங்கள்.