பிள்ளைகளைக் கொழும்புக்குக் கூட்டிப் போகும் முன்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தால் கொமண்டில் திட்டலாம், ஆனால் முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கிய அன்று, சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் "விடுமுறையில் எங்கே போனீர்கள்?" என்று ஐந்து வரி எழுதச் சொன்னோம். சிலர் கொழும்பு என்று எழுதினார்கள். சிலர் புத்தளத்தில் மாமி வீட்டுக் கல்யாணம் என்றார்கள். ஒரு பிள்ளை "நான் வீட்டில் இருந்தேன். போன் பார்த்தேன். பிறகும் போன் பார்த்தேன்" என்று எழுதியிருந்தது. சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. அத்தனை கொப்பியிலும் யாழ்ப்பாணத்தில் ஓர் இடத்தின் பெயர்கூட இல்லை. சோனகத் தெருவிலிருந்து கோட்டைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது.

கொழும்புக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நாங்களும் போனோம். யாழ்தேவியில் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், மடியில் மூன்று வயதுப் பிள்ளை, பையில் அதன் உடுப்பும் பிஸ்கட்டும். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் சிங்கக் கூட்டுக்கு முன்னால் வந்ததும் சின்னவன் தூங்கிவிட்டான். தாமரைக் கோபுரத்தில் ஏறியதும் மூத்தவளுக்குப் பசி. மூன்று நாளில் ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் போன காசைக் கணக்குப் பார்த்தபோது, அந்த மாதச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சியது என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அந்தப் பயணத்தில் சின்னவன் இன்றுவரை ஞாபகம் வைத்திருப்பது ஒன்றே ஒன்று: ரயிலில் வடைக்காரர் வந்தது.

ஆனால் காலிமுகத் திடலில் ஒரு மாலை நன்றாக இருந்தது. பட்டம், காற்று, இறால் வடை, பிள்ளைகள் விழுந்தாலும் அடிபடாத வெளி. நுழைவுக் கட்டணமும் இல்லை. அங்கே ஒரு நினைவுக் கல் இருப்பது பலருக்குத் தெரியாது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல் அந்த நடைபாதை முடிக்கப்பட்டபோது வைத்த கல். கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காக இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின்னால் வரும் ஆளுநர்களிடம் அதில் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் நினைத்தது தன் ஆட்களின் மனைவி மக்களை மட்டுமாக இருக்கலாம். இருக்கட்டும். ஒரு வெளியை யாருக்காக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டபோது அந்த மனிதருக்குப் பெண்களும் பிள்ளைகளும் ஞாபகம் வந்தார்கள். இன்று நம் ஊரில் ஒரு பூங்காவோ கடற்கரையோ திருத்தப்படும்போது யாருக்கு அந்த ஞாபகம் வருகிறது?

காலிமுகத் திடலில் இருக்கிற காற்றும் கடலும் வெளியும் பண்ணையிலும் இருக்கின்றன. முற்றவெளி இருக்கிறது. கோட்டை இருக்கிறது. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐந்து முனையாக மாற்றிய கோட்டை. அதன் ஐந்து மூலைகளையும் விரலால் எண்ணும் பிள்ளைக்கு ஐங்கோணம் என்றால் என்ன என்று கரும்பலகையில் வரைந்து காட்டத் தேவையில்லை. (மதில் மேலே ஏறினால் கையை விடாதீர்கள். ஓரத்தில் தடுப்பு இல்லை.) பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது. 1981இல் எரிந்த நூலகம் இதுதான் என்று பிள்ளைக்கு எந்த வயதில் சொல்வது என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்மானமாகவில்லை. இப்போதைக்குப் படப் புத்தகம் பார்க்கட்டும். பக்கத்தில் சுப்பிரமணியம் பூங்காவில் ஊஞ்சல். கொஞ்சம் தூரம் போக முடிந்தால் காரைநகர் கசூரினாக் கடற்கரை. அங்கே கடல் ஆழம் குறைவு, சின்னப் பிள்ளைகள் கால் நனைக்கலாம். தைப்பொங்கல் அன்று வல்வெட்டித்துறையில் பட்டப் போட்டி. நெடுந்தீவுக்கு மட்டும் கைக்குழந்தையோடு அவசரப்பட வேண்டாம். குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருக்கும் வெயிலே போதும், குதிரைகள் இன்னும் நாலு வருடம் காத்திருக்கும்.

இவ்வளவும் இருந்தும் ஏன் நாம் போவதில்லை?

வீட்டில் உள்ள பெண்களிடம் கேளுங்கள், உடனே சொல்வார்கள். மலசலகூடம். சில மாதங்களுக்கு முன் ஒரு பொது இடத்துக்குப் போயிருந்தோம், பெயர் வேண்டாம். மலசலகூடக் கட்டடம் புதிதாக, அழகாக இருந்தது. பூட்டியிருந்தது. திறப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. மூத்தவள் அழத் தொடங்கிவிட்டாள். வந்த ஆட்டோவிலேயே திரும்பினோம். ஆண்கள் இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கிறோம். ஒரு தாய் அடுத்த முறை "வாங்கோ போவோம்" என்றால் "நீங்க போயிட்டு வாங்கோ" என்று சொல்வதற்கு இந்தச் சின்ன விஷயம்தான் காரணம். அவளும் வராவிட்டால் கைக்குழந்தையும் வராது, பிறகு அது வாப்பாவும் மகனும் போகும் சுற்றுலாவாகிவிடும்.

அடுத்தது தொழுகை. அஸருக்குப் பிறகு வெளிக்கிட்டால் மஃரிபுக்கு வீடு திரும்ப வேண்டும். வெயில் தணிந்து காற்று வரும் நேரமே அதுதான். ஆண்கள் கிட்டடியில் ஒரு பள்ளியில் தொழுதுவிட்டு வரலாம். பெண்கள்? நம் பள்ளிவாசல் நிருவாகங்களிடம் இதைப் பணிவாகக் கேட்கிறோம்: பிள்ளையோடு வரும் ஒரு பெண் வுளூச் செய்து தொழ, ஒரு திரையும் ஒரு தண்ணீர்க் குழாயும் உள்ள சின்ன இடம் போதும். தொழுகையை நீட்டித் தொழ நினைத்து நின்ற நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், பிள்ளை அழும் சத்தம் கேட்டால் தாயை நினைத்துச் சுருக்கினார்கள் என்று நாம்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பள்ளியில் அழும் பிள்ளையும் இருந்தது, அதன் தாயும் இருந்தாள்.

மூன்றாவது, நம் வாய். "அந்த வீட்டுப் பொம்பிளையள் ஒவ்வொரு கிழமையும் பண்ணையிலதான்" என்று பேசுகிறோம். அதே குடும்பம் கொழும்புக்குப் போய்க் காலிமுகத் திடலில் படம் எடுத்துப் போட்டால் மாஷா அல்லாஹ் என்று எழுதுகிறோம்.

இதையெல்லாம் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி நம்மவர்களை ஒஸ்மானியாக் கல்லூரியில் கூடச் சொல்லி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். அதன் பிறகு பிறந்த நம் பிள்ளைகளில் பலர் புத்தளத்தில் வளர்ந்தவர்கள். இன்றைய உம்மாவும் வாப்பாவும் அவர்கள்தான். திரும்பி வந்து வீடு கட்டினோம், கடை திறந்தோம், பிள்ளையைப் பாடசாலையில் சேர்த்தோம். ஆனால் இந்த ஊரில் சும்மா நடந்து திரிந்த பழக்கம் நமக்கு இல்லை. கடைத் தெருவும் பள்ளியும் வீடும் தெரியும், அதைத் தாண்டினால் விருந்தாளி மாதிரி நிற்கிறோம்.

எங்கள் உம்மும்மாவை ஒரு நாள் முற்றவெளிக்குக் கூட்டிப் போனோம். கால் வலி என்று வர மறுத்தவர். ஆட்டோவை விட்டு இறங்கியதும், தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த இடம், கச்சான் விற்றவர் நின்ற இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். மூத்தவள் கேட்டாள்: "அப்ப இது நம்மட ஊரா உம்மும்மா? புத்தளம் இல்லையா?" அவர் பதில் சொல்லவில்லை. கச்சான் வாங்கித் தரச் சொன்னார். எங்களுக்கும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் ஏன் வந்தது என்றுதான் வீடு வரும் வரை யோசித்தோம்.

மாநகர சபையில் நம் வாக்கைக் கேட்டு வருகிறவர்களிடம் இனிமேல் வீதி விளக்கோடு சேர்த்து இதையும் கேட்போம்: திறந்திருக்கும் மலசலகூடம், தாய் உட்கார்ந்து பால் கொடுக்க மறைவான ஓர் இடம், நாலு மரம். பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம், பூட்டைத் திறந்தால் போதும். நாமும் சாப்பிட்ட பெட்டியையும் சோடாப் போத்தலையும் கடலோரத்தில் விட்டுவிட்டு வரக் கூடாது. போன ஞாயிறு பண்ணையில் பார்த்த குப்பையில் நம் கடைகளின் பெயர் போட்ட பைகளும் இருந்தன.

வருகிற சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு எங்கள் வீட்டார் முற்றவெளிக்குப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். மஃரிபுக்கு முன் திரும்பிவிடுவோம். பெண்களும் பிள்ளைகளுமாக வாருங்கள், வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள். தண்ணீரும் பிள்ளைக்கு மாற்று உடுப்பும் மறக்க வேண்டாம். பாய் எங்களிடம் இருக்கிறது. கச்சான் உங்கள் செலவு.