புண் இல்லையாம், ஆகவே வலியும் இல்லையாம்!



சென்ற மாதம் சங்க வேலையாகப் பினாங்கு சென்றிருந்த நாம், சூலியா தெருவில் நாகூர் தர்காவுக்கு அருகே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். நம் தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பால் வெட்டும் அண்ணன் ஒருவர் உள்ளே வந்தார். அவர் நடந்து வந்த தரையில் இரத்தத் துளிகள்! செருப்பைக் கழற்றச் சொன்னோம். ஆணி ஒன்று அடியைத் துளைத்துக் காலில் ஏறியிருந்தது.

"தெரியலீங்களே, கிராணி ஐயா" என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "பகல்லதான் தெரியல. ராவானா ரெண்டு காலும் நெருப்புல வச்ச மாதிரி எரியுது."

ஆணி தைத்தால் அறியாத கால், படுக்கையில் எரியுமா? தோட்ட மருந்தகத்திலும் இதையே கேட்டார்களாம். "புண்ணைக் காட்டு" என்றார்கள். புண் இல்லை. "வேலைக்குக் கள்ளம், போ!" என்று விரட்டினார்கள். அந்த நாள்களுக்குச் செக்ரோலில் கோடு கிழித்த கை நம்முடைய கை. அதை நாம் மறைக்கப் போவதில்லை.

கள்ளமா இது? பத்தாண்டுகளாக அவருக்கு இனிப்பு நீர். கால் விரலிலிருந்து முதுகெலும்பு வரை செய்தி கொண்டு போவது ஒரே உயிரணுவின் நீண்ட இழை. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம்! இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை அந்த இழையையும், அதற்கு உணவூட்டும் நுண் குழாய்களையும் கெடுக்கிறது. மிக நீண்ட இழைகளே முதலில் கெடுகின்றன. ஆகவேதான் கால் விரல்களில் தொடங்குகிறது.

கெட்ட இழை இரண்டு விதமாகத் துரோகம் செய்யும். ஆணி தைத்தால் செய்தி அனுப்பாது. ஆணியே இல்லாதபோது தானாகவே "நெருப்பு, நெருப்பு" என்று கூவும். மழையில் நனைந்த தொலைபேசிக் கம்பி, யாரும் அழைக்காமலே மணியடிப்பதில்லையா? இந்தக் கூச்சலை ஓயாமல் கேட்டுக் கேட்டு முதுகுத் தண்டின் நரம்புகளும் அதைப் பெருக்கிவிடுகின்றன. போர்வை பட்டாலும் சுடுகிறது.

நெருப்பை உடல் எப்படி அறிகிறது? மிளகாயின் காரப் பொருளைக் கொண்டுதான் டேவிட் ஜூலியஸ் அந்த வாசலைக் கண்டுபிடித்தார். 43 பாகை வெப்பத்தை நெருங்கினால் திறக்கும் வாசல் அது. அழுத்தத்தை அறியும் வாசலைக் கண்டவர் பட்டபூட்டியன். 2021-இல் இருவருக்கும் நோபல் பரிசு. நம் அம்மிக்கல் அறிந்த மிளகாய்க்கு இத்தனை பெருமை!

வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு, குட்ட நோயாளரிடம் என்ன கண்டார்? விரல்கள் நோயால் தானாக அழுகி விழவில்லை. வலி தெரியாததால் சுட்டுக்கொண்டார்கள், வெட்டிக்கொண்டார்கள். அந்தப் புண்களே விரல்களைத் தின்றன. இன்று அண்ணனின் காலில் அதே அபாயம்தான் நிற்கிறது.

உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-இல் திருத்திய விளக்கத்தில், வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. பல்லாண்டு படித்த நிபுணர்கள் மதிக்கும் சொல்லை, தோட்ட மருந்தகம் மதிக்காதா?

நாம் கேட்பது மாளிகையல்ல. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையும் ஓர் இசைக்கவையும் போதும். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் தொட்டுப் பார்த்தால் உணர்ச்சி போனது தெரிந்துவிடும். ஐந்து நிமிட வேலை! இனிப்பு நீர் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கொருமுறை இதைச் செய்யுங்கள். இந்த எரிச்சலுக்குக் காய்ச்சல் மாத்திரை பெரும்பாலும் கேட்காது. அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்றவை பலருக்குத் தணிக்கின்றன. அவற்றை எழுதித் தரும் டாக்டரிடம் அனுப்புங்கள். செய்த சோதனையைச் சீட்டில் எழுதுங்கள். 1969-ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டத்தின்படி, உழைக்கும் சக்தியை இழந்தவர் ஓய்வூதியம் கேட்கலாம். ஆனால் "ஒன்றுமில்லை" என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு எந்த வாரியத்திடம் கேட்பது?

அன்று அண்ணனை வாடகை வண்டியில் ஏற்றி பினாங்குப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். ஆணியை எடுத்தார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. அடுத்த மாதம் அவருடைய பழைய சீட்டுகளோடு நிர்வாகத்தின் முன் உட்காருகிறோம். இரவில் கால் எரிகிற தோழர்கள் எவரானாலும் அதற்கு முன் சங்கக் கிளையில் பெயர் கொடுங்கள்.