முதல்ல பல்ப், அப்புறம் பிளாஸ்டிக் செடி

எங்க வீட்டு இகுவானாவுக்கு நானே செஞ்ச கூண்டு பார்க்க செமையா இருந்துச்சு. பழைய ஷோகேஸ், தெர்மாகோல் பாறை, பிளாஸ்டிக் கொடி, எல்இடி ஸ்ட்ரிப். சில மாசத்துல அது பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்க ஆரம்பிச்சது. எலும்பு பலமில்லைன்னார் டாக்டர். வெயில் படட்டும்னு ஜன்னல் பக்கம்தானே வச்சிருந்தேன்? ஆனா கண்ணாடி யுவிபி கதிரைப் பெரும்பாலும் தடுத்துடும். அது இல்லாம வைட்டமின் டி3 உருவாகாது, கால்சியம் உடம்புல சேராது. (எஞ்சினியரிங் படிக்கிற எனக்கே இது தோணலை!)

அலங்காரம் எல்லாம் நம்ம ரீல்ஸுக்கு. அதுக்குத் தேவை யுவிபி பல்ப், ஒரு மூலையில 35 டிகிரி சூடு, எதிர் மூலையில நிழல், ஏறிப் படுக்க நல்ல கட்டை. காசு முதல்ல இதுக்குத்தான் போகணும். வாலோட சேர்த்து 5 அடி வரை வளரும் ஜீவன் வேற. ஷோகேஸ் எத்தனை நாளைக்குத் தாங்கும்? புதுக் கூண்டுக்கு மரச்சட்டம் அறுத்துட்டு இருக்கேன். எல்இடி ஸ்ட்ரிப்பைத் தம்பி அவன் ரூம்ல மாட்டிக்கிட்டான்.