சென்சாரை மாற்று என்று எந்த எரர் கோடும் சொல்வதில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வண்டி வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். பட்டறை வைத்திருக்கும் என் பிள்ளைகள் கோபித்துக்கொண்டாவது படியுங்கள்.

ஸ்கேனரில் ஒரு எண் வந்ததும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எந்த சென்சாரின் பெயர் இருக்கிறதோ அதைக் கழற்றி மாற்றுவது பழுது பார்ப்பது ஆகாது. அது அடுத்தவன் காசில் ஆடும் சீட்டாட்டம். இதைத்தான் சொல்ல வந்தேன்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் கோயம்பேட்டிலிருந்து விடியற்காலையில் காய்கறி ஏற்றி வந்து மேற்கு மாம்பலம் கடைகளுக்குப் போடுகிறான். தவணையில் வாங்கிய டீசல் பிக்கப். செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டார்கள். பி0016 என்று வந்தது. கேம் சென்சாரை மாற்றினார்கள். இரண்டே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். அப்போதும் எரிந்தது. "அப்ப இசியு போயிருக்கும்" என்றார்கள். அதற்குள் 11,000 ரூபாயும் ஒன்பது நாள் பிழைப்பும் போய்விட்டன. கடைசியில் வேறொரு மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தார். டென்ஷனர் தேய்ந்து, டைமிங் செயின் தளர்ந்து, ஒரு பல் தள்ளி நின்றிருந்தது. மாற்றிய இரண்டு சென்சாருக்கும் ஒரு குறையும் இருந்திருக்காது.

"டீச்சருக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவளுக்கு ஒன்று தெரியும்: வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதும் பையன் பக்கத்து நோட்டைப் பார்த்திருக்கிறான்.

விஷயம் இதுதான். நான்கு வீச்சு இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூட இந்தக் கணக்கு தவறக்கூடாது. இரண்டையும் செயினோ பெல்டோ கியரோ இணைக்கிறது. ஒவ்வொன்றின் நிலையையும் ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. இரண்டு பேர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை என்றால் பி0016. அவ்வளவுதான்.

வகுப்பறைக் கடிகாரம் ஒன்பது மணி காட்டுகிறது, ஹெட்மாஸ்டர் அறைக் கடிகாரம் ஒன்பதே கால் காட்டுகிறது என்று வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று மட்டும் தெரியும். எது தப்பு என்று தெரியாது. உடனே புதுக் கடிகாரம் வாங்க ஓடுவீர்களா?

செயின் தளர்ந்திருக்கலாம், பெல்ட் பல் தாண்டியிருக்கலாம். சென்சார் படிக்கும் பல் சக்கரம் நகர்ந்திருக்கலாம். வயர் அறுந்தோ கனெக்டரில் தண்ணீர் இறங்கியோ இருக்கலாம். வால்வு நேரத்தை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் வகை இன்ஜினாக இருந்தால், ஆயில் குறைந்தோ கசடாகியோ போனாலே இந்த எண் வரும். சென்சாரும் ஒரு காரணமாக இருக்கலாம்தான். ஆனால் கேம் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றால் அதற்கே தனியாக பி0340 இருக்கிறது, கிராங்க் சென்சாருக்கு பி0335 இருக்கிறது. எண்களை இத்தனை நுணுக்கமாகப் பிரித்து வைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. படிக்கிறவர்கள்தான் அவசரப்படுகிறோம்.

இன்னொரு வழக்கம் இதைவிட மோசம். கோடை அழித்து, விளக்கை அணைத்து, "சரியாயிடுச்சு சார்" என்று அனுப்பிவிடுவது. தளர்ந்த செயின் இன்னும் இரண்டு பல் தாண்டினால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் இடிக்கும். ஆயிரத்தில் முடிய வேண்டியது லட்சத்துக்குப் போகும்.

"அந்தக் காலத்து மெக்கானிக் காதால் கேட்டே சொல்வார், கம்ப்யூட்டர் வந்துதான் கெட்டது" என்று சில உறவினர்கள் எழுதுவீர்கள். அதையும் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு இந்த ஓபிடி-2 முறை கட்டாயம். நம் நாட்டில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு கம்ப்யூட்டர் இல்லாமல் எந்தப் புது பிக்கப்பும் இல்லை. கருவி உண்மையைத்தான் சொன்னது. கேட்டவர் பாதியில் எழுந்து போனார்.

மெக்கானிக்குகளை மட்டும் திட்டுவதும் நியாயம் இல்லை. டைமிங் குறிகள் எங்கே, அலைவடிவம் எப்படி இருக்க வேண்டும் என்ற தகவல் எல்லாருக்கும் கிடைக்கிறதா? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது பார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, இணையதளமும் தொடங்கியது. வாகனங்களும் அதில் அடக்கம். தெருமுனைப் பட்டறைக்கு அந்தத் தகவல் கையில் வந்து சேரும்வரை இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த குற்றவாளி நாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து காரணம் தேடும் மெக்கானிக்கிடம், "சும்மா பார்த்ததுக்கு எதுக்குப்பா காசு?" என்கிறோம். டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், மெக்கானிக்கின் மூளைக்குக் கொடுக்க மாட்டோம். சாமான் மாற்றினால்தான் கூலி என்றால் அவர் சாமானைத்தான் மாற்றுவார்.

ஆகவே இனி இப்படிச் செய்யுங்கள். ஸ்கேனர் திரையை போட்டோ எடுங்கள். கோட் பதிவான நொடியில் இன்ஜின் வேகம், சூடு என்ன என்று காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் சேர்த்து எடுங்கள். ஆயில் பார்த்தாயா, வயர் பார்த்தாயா, டைமிங் குறி பார்த்தாயா என்று கேளுங்கள். சென்சார்தான் என்றால் எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்குங்கள். காரணம் தேடியதற்குத் தனியாக, முகம் சுளிக்காமல் கூலி கொடுங்கள்.

பட்டறைக்காரப் பிள்ளைகளே, "தெரியவில்லை டீச்சர், நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கடன் கட்டுகிறவன் வண்டியில் ஊகித்துப் பார்ப்பதுதான் குறைச்சல்.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் தாராளமாக எழுதுங்கள். வழிமுறையோடு எழுதினால் முழு மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மேற்கு மாம்பலம்